செயலியில் விற்றதும் தளத்தில் விற்றதும்: எந்தச் சொல்லால் பிரிப்பது?

அனைவருக்கும் வணக்கம்.

இணையக் கடை மென்பொருளின் அறிக்கைப் பக்கத்தைத் தமிழாக்குகிறோம். செயலியில் நடந்த விற்பனையையும் இணையதளத்தில் நடந்த விற்பனையையும் தனித்தனியாகக் காட்டும் இடத்தில் என்ன எழுதுவது என்பது கேள்வி. இதுவரை வந்த பரிந்துரைகள்:

> கைப்பேசி விற்பனை / இணைய விற்பனை
> செல்பேசிச் செயலித் தரவு / வலைத்தளத் தரவு
> தளவாரிக் கூறாக்கம்

முதலாவது வேண்டவே வேண்டாம். கடைக்காரர் கண்ணோடு படித்துப் பாருங்கள். 'கைப்பேசி விற்பனை: 42' என்று திரையில் வந்தால், நாற்பத்திரண்டு கைப்பேசி விற்றது என்றுதான் யாரும் படிப்பார்கள். கைப்பேசியும் விற்கிற கடையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். 'இணைய விற்பனை' என்பதிலும் சிக்கல் இருக்கிறது. செயலியும் இணையத்தில்தானே ஓடுகிறது? இரண்டுக்கும் பொதுவான பெயரை ஒன்றுக்கு மட்டும் வைத்தால் மற்றது எங்கே போகும்?

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கருவி வேறு, வாங்கிய இடம் வேறு. ஒருவர் தன் கைப்பேசியில் குரோமைத் திறந்து, கடையின் தளத்துக்குப் போய்ப் புடவை வாங்குகிறார். கருவி கைப்பேசி, ஆனால் விற்பனை தளத்தில் நடந்தது. தளத்துக்கும் செயலிக்கும் யார் வருகிறார்கள் என்று அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 இந்த இரண்டையும் இரண்டு தனிப் பரிமாணங்களாகவே வைத்திருக்கிறது. ஒன்று கருவி வகையைச் சொல்லும்: கணினி, கைப்பேசி, பலகைக் கணினி. இன்னொன்று வெப், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் என்று சொல்லும். நாம் பெயர் தேடுவது இந்த இரண்டாவதற்கு. கருவி வகையை வைத்துப் பிரித்தால் கணக்கும் சரியாக வராது. 2019-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல், ஐபேடில் உள்ள சஃபாரி உலாவி பல தளங்களிடம் தன்னை மேக் கணினி என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. பலகைக் கணினியில் வாங்கியவர் அறிக்கையில் கணினிக்காரர் ஆகிவிடுவார்.

இதற்கு முந்தைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் காலத்தில் இந்தச் சொல் இவ்வளவு அவசரமாகத் தேவைப்படவில்லை. அப்போது செயலியையும் தளத்தையும் தனித்தனியாக அளப்பதுதான் வழக்கம், இரண்டையும் ஒன்றாகக் கூட்டுவதுதான் பாடு. 2023 ஜூலையில் அது தரவு வாங்குவதை நிறுத்தியது. இப்போதிருக்கும் பதிப்பில் வெப், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் மூன்றும் தனித்தனித் தரவு ஓடைகளாக வந்து ஒரே அறிக்கையில் கலக்கின்றன. கலந்ததைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருப்பதால் பெயரும் வேண்டியிருக்கிறது.

இரண்டாவது பரிந்துரையில் பொருட்பிழை இல்லை, நீளம்தான் குறை. அறிக்கைத் தலைப்புக்கு அவ்வளவு இடம் கிடையாது. 'செல்பேசி' என்ற முன்னொட்டும் தேவையில்லை, செயலி என்றாலே இன்று எல்லோருக்கும் அதுதான். (கணினிச் சில்லுக்கு நுண்செயலி என்ற பெயர் இருக்கும்போது இதற்குச் செயலி என்று பெயர் வைக்கலாமா என்ற பழைய வழக்கை மறுபடி திறக்க வேண்டாம். மக்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.)

மூன்றாவதில் 'வாரி' எனக்குப் பிடித்திருக்கிறது. மாவட்டவாரியாக, பயிர்வாரியாக என்று அரசுப் புள்ளிவிவரம் படித்த எவருக்கும் அது புரியும். இடிப்பது 'தளம்'தான். நாம் இணையதளத்தைத் தளம் என்கிறோம், ஆண்ட்ராய்டை இயங்குதளம் என்கிறோம், இப்போது மூன்றாவதாக இதையும் தளம் என்றால் 'தளம்' என்ற தலைப்பின் கீழே 'தளம், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ்' என்று வரும். படிப்பவர் பாவம்.

என் பரிந்துரை 'வழி'. செயலிவழி விற்பனை, தளவழி விற்பனை. தமிழ்வழிக் கல்வி, ஆங்கிலவழிக் கல்வி என்று பள்ளிக்கூடத்தில் நாம் அன்றாடம் சொல்வதுதான். எதன் ஊடாக நடக்கிறது என்பதை ஒட்டுப்போல நின்று சொல்லிவிடுகிறது. தலைப்புக்கு 'வந்த வழி' என்று போடலாம். இரண்டையும் பிரித்துக் காட்டும் அறிக்கைக்கு 'வழிவாரி விற்பனை'.

'வாயில்' என்ற சொல்லையும் யோசித்தேன். 'தொலைபேசி வாயிலாக' என்று இப்போதும் எழுதுகிறோம், அக இலக்கியத்தில் தோழியும் பாணனும் தலைவன் தலைவியிடையே தூது போகும் வாயில்கள். சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பணம் செலுத்தும் பக்கத்தில் 'பேமென்ட் கேட்வே'க்கு 'நுழைவாயில்' ஏற்கெனவே குடியேறிவிட்டது. ஒரே மென்பொருளில் இரண்டு வாயில் வைத்தால் குழப்பம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. இரண்டையும் கூட்டிவரும் தொகைக்கு இப்போதைய மொழிபெயர்ப்பில் 'மொத்த விற்பனை' என்று இருக்கிறது. அதை உடனே மாற்ற வேண்டும். மொத்த விற்பனை என்றால் சில்லறை விற்பனைக்கு எதிர்ப்பதம், கடைத்தெருவில் அதற்கு வேறு பொருளே இல்லை. 'விற்பனை மொத்தம்' என்று திருப்பிப் போட்டால் போதும்.

---

மறுமொழி 1

வணக்கம் ஐயா. செயலிவழி, தளவழி இரண்டும் எனக்குச் சம்மதம். 'தளவழி' முதலில் கொஞ்சம் புதிதாக இருக்கிறது, பழகிவிடும்.

ஆனால் தலைப்பாக 'வந்த வழி' சரிவராது. இணையக் கடை நடத்தும் மென்பொருளான வூகாமர்ஸில் 8.5 பதிப்பிலிருந்து, அதாவது 2024 ஜனவரி முதல், ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளர் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் வசதி இருக்கிறது. கூகுள் தேடலிலிருந்தா, இன்னொரு தளத்தின் இணைப்பைச் சொடுக்கியா, நேரடியாக முகவரியை அடித்தா என்று வரும். அதைத்தான் இயல்பாக 'வந்த வழி' என்போம். அதையும் இதையும் ஒரே பெயரில் வைத்தால் என்ன செய்வது?

அப்புறம், 'வாரி' தமிழா? ஆங்கிலேயர் கால நிலவரி முறையான ரயத்துவாரியில் இருக்கும் வாரிதானே இது? 'வழிவாரி' என்று வாய்விட்டுச் சொன்னால் வழிப்பறி மாதிரியும் கேட்கிறது.

---

மறுமொழி 2

'வந்த வழி' பற்றி நீங்கள் சொல்வது சரி. ஒருவர் இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்க்கிறார், தொடுகிறார், கடையின் செயலி திறக்கிறது, அங்கே வாங்குகிறார். அவர் வந்தது இன்ஸ்டாகிராமிலிருந்து, வாங்கியது செயலியில். அதனால் இரண்டு தலைப்பு வைப்போம்: 'வந்த வழி', 'வாங்கிய வழி'. பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்று மற்றதை விளக்கிவிடும். விளம்பரத்துக்குப் பணம் போடலாமா என்று பார்ப்பவர் அறிக்கையின் முதல் நெடுவரிசையைப் பார்ப்பார், செயலிக்குப் பணம் போடலாமா என்று பார்ப்பவர் இரண்டாவதை.

இரண்டாவது நெடுவரிசையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2015 மே மாதம் ஆடை விற்கும் இணையக் கடையான மிந்த்ரா தன் இணையதளத்தையே மூடிவிட்டு, செயலியில் மட்டும்தான் விற்பனை என்று அறிவித்தது. அடுத்த ஆண்டே தளத்தைத் திரும்பத் திறக்கவேண்டியிருந்தது. பிளிப்கார்ட்டும் அதே 2015-இல் கைப்பேசி உலாவிக்கான தளத்தை மூடிவைத்திருந்து, ஆண்டு முடிவதற்குள் மீட்டுக்கொண்டது. பெரிய கடைக்கே இப்படியென்றால், சிறு கடைக்காரர் செயலி எழுத ஆள் வைக்கும் முன் இந்த நெடுவரிசை அவருக்குத் தெளிவாகப் புரிய வேண்டும்.

'வாங்கிய வழி' என்றால் எதை எண்ணுகிறோம் என்பதையும் விளக்கக் குறிப்பில் எழுதிவிடுவது நல்லது. நான் சொல்லும் வரையறை: வாடிக்கையாளர் ஆர்டரை உறுதிசெய்த இடம். பணம் கட்டிய இடம் அன்று. நம் ஊரில் இது முக்கியம். கைப்பேசி உலாவியில் பொருளைத் தேர்ந்துவிட்டு, யுபிஐ-யைத் தொட்டதும் கூகுள் பே திறக்கிறது. பணம் ஒரு செயலியில் போனாலும் விற்பனை தளவழிதான்.

ஒரு சிக்கல் மட்டும் சொல்லால் தீராது. பல கடைகளின் செயலி, உள்ளே கடைத் தளத்தையே ஒரு வெப்வியூவில், அதாவது செயலிக்குள் பொதிந்த உலாவியில், திறந்து காட்டுகிறது. அந்தப் பக்கத்தில் ஓடும் அளவீட்டு நிரலைச் செயலியோடு இணைக்காவிட்டால், செயலிக்குள் நடந்த விற்பனையும் வெப் ஓடையில்தான் விழும். வாடிக்கையாளர் செயலியில் வாங்கியதாகச் சொல்வார், அறிக்கை தளவழி என்று சொல்லும். இது நிரலாளர் சரிசெய்ய வேண்டியது. நாம் விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்க்கலாம்: 'செயலிக்குள் தளம் திறந்தால், எண்ணிக்கை தளவழியில் சேரக்கூடும்.'

'வாரி' ரயத்துவாரியில் இருக்கும் அதே வாரிதான், மறுக்கவில்லை. ஆனால் அது நம்மிடம் இவ்வளவு காலம் உழைத்துவிட்டது, வெளியே அனுப்ப எனக்கு மனமில்லை. இருந்தாலும் வழிப்பறி என்று நீங்கள் சொன்னபிறகு என் காதிலும் அப்படியே விழுகிறது. 'வாங்கிய வழிப்படி விற்பனை' என்று வைத்துக்கொள்வோமா? நாள்படி, ஊர்படி, வழிப்படி என்று மற்ற அறிக்கைகளோடும் ஒத்துப்போகும். 'மொத்த விற்பனை' பற்றி யாரும் மறுக்கவில்லை, எனவே அதை இன்றே மாற்றிவிடுகிறேன்.

மீதி ஒன்று இருக்கிறது. வூகாமர்ஸில் 'மொபைல் ஆப்' என்று ஆர்டரில் வரும் வரி, வாடிக்கையாளரின் செயலியைக் குறிப்பதில்லை. கடைக்காரர் தன் நிர்வாகச் செயலியிலிருந்து தானே ஆர்டர் போட்டால் வருவது அது. வாடிக்கையாளர் தொலைபேசியில் சொல்ல, கடைக்காரர் பதிகிறார் அல்லவா, அந்த மாதிரி. அதற்கு 'செயலிவழி' போட்டால் இத்தனை பேச்சும் வீண். 'கடைக்காரர் செயலியில் பதிந்தது' என்று எழுத நினைக்கிறேன். கட்டத்துக்குள் அடங்குமா என்று பக்க வடிவமைப்பைப் பார்ப்பவர்கள் சொல்லுங்கள், இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.