புதுப்பிப்பு: கீன்வா கசப்பு போயிடுச்சு

"கீன்வா கசக்குது, குழையுது, என்ன பண்ணலாம்?"னு போன வாரம் கேட்டிருந்தேன். (கீன்வாங்கிறது அரிசி மாதிரி வேக வெச்சு சாப்பிடற ஒரு குட்டி விதை.) பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

கசப்புக்குக் காரணம் மேல்தோல்ல இருக்கிற சாப்போனின்ங்கிற, தண்ணியில நுரைக்கிற பொருள். அரிசி களையற மாதிரி களைஞ்சா பாதி கீன்வா சிங்க்ல போயிடும். கண் சின்னதா உள்ள வடிகட்டில போட்டு, நுரை நிக்கிற வரைக்கும் குழாயடியில தேய்ச்சேன். கசப்பு சுத்தமா இல்ல.

குக்கர் வேண்டாம். ஒரு கப்புக்கு ஒன்றே முக்கால் கப் தண்ணி, சிறு தீயில 15 நிமிஷம். ஒவ்வொரு மணியிலேயும் வெள்ளை வளையம் பிரிஞ்சு வந்ததும் இறக்கிடணும். எலுமிச்சை சாதத்துக்குப் பிரமாதம். தயிர் சாதத்துக்கு, மன்னிக்கணும், தேறாது.

சுகர் இருக்கிற அப்பாவுக்குத் தரலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. வெந்த ஒரு கப்புல புரதம் 8 கிராம், மாவுச்சத்தும் 39 கிராம் கிட்ட இருக்கு. அதனால அளவா வைங்க, கூடவே காய் நிறைய.