சுவிஸ் நடிகர் புரூனோ கான்ஸை நீங்கள் முதலில் எந்த வேஷத்தில் பார்த்தீர்கள்? நான்கு பேரின் பதில்கள்.

'டவுன்ஃபால்' படத்தில் அவர் ஹிட்லராகக் கத்தும் காட்சியைக் கேலியாக்கி வாட்ஸ்அப்பில் சுற்றிய அந்தக் கத்தல் வீடியோவில்தான் முதலில் பார்த்தோம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவர் 'ஹைடி' என்ற சுவிஸ் சிறுவர் கதையில் வரும் தாத்தா. 2015இல் படம் வந்தபோது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். சுவிஸில் வளர்கிற பிள்ளைக்கு அந்தக் கதை மனப்பாடம், எனக்குத்தான் புதிது. பேத்தி மீது பாசம் வருவதைக் கிழவர் வாயால் சொல்லவே மாட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்வார், அந்த முதுகிலேயே தெரியும். மகள் என் காதுக்குள், "இவருக்கு இப்ப கோபம் போயிட்டுது அப்பா" என்றாள்.

பிறகுதான் தேடிப் படித்தேன். 1941இல் சூரிச்-சேபாக்கில் பிறந்தவர். 14ஆம் நம்பர் ட்ராம் போய் முடிகிற இடம், நாங்களும் சில காலம் இருந்த பக்கம்தான். அப்பா சுவிஸ் மெக்கானிக், அம்மா வட இத்தாலிக்காரி. சூரிச் தெருப்பேச்சில் வளர்ந்த பெடியன் பெர்லினுக்குப் போய், 1970இல் இயக்குநர் பீட்டர் ஸ்டைனோடு ஷௌப்யூன நாடகக் குழுவைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவனானான். இங்கே இருக்கிற எங்களுக்குத் தெரியும், சுவிஸ் ஜெர்மனுக்கும் மேடை ஜெர்மனுக்கும் எவ்வளவு தூரமென்று. வேலையிடத்தில் நான் வாய் திறந்தாலே "எந்த ஊர்?" என்றுதான் கேட்பார்கள். இந்த மனுசனோ ஒவ்வொரு படத்திலும் வேறு ஊர்க்காரனாகக் கதைத்துவிட்டுப் போகிறார்.

* * *

எனக்கு 'விங்ஸ் ஆஃப் டிசையர்' (1987). கல்லூரி நாளில், ஒரு நண்பனின் கணினியில். முதல் அரை மணி நேரம் ஒன்றும் ஓடவில்லை, உண்மையைச் சொல்கிறேன். நீளக் கோட்டு போட்ட இரண்டு தேவதூதர்கள் பெர்லின் நூலகத்தில் நடக்கிறார்கள், படித்துக்கொண்டிருப்பவர்களின் மனசுக்குள் ஓடுவதைக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். அதில் ஒருவரான கான்ஸ் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பார். வசனமே இல்லாமல் ஒருவர் கேட்பதை இவ்வளவு நேரம் பார்க்க முடியுமா என்று இருந்தது.

அவர் மனிதனாகி மண்ணில் விழும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவருடைய தேவதூதக் கவசம் தலையில் விழுந்து ரத்தம் வரும். விரலில் தொட்டு நக்கிப் பார்த்துச் சந்தோஷப்படுவார். வழியில் போகிற ஒருவரை நிறுத்தி, சுவரில் இருக்கும் ஓவியத்தில் இது என்ன நிறம், அது என்ன நிறம் என்று கேட்பார். அறுபது எழுபது படம் நடித்தவர்கள் அந்த இடத்தில் குழந்தைத்தனத்தைக் கூட்டிக் கெடுத்துவிடுவார்கள். இவர் கூட்டவில்லை.

இன்னொன்று. அதில் நடந்தே களைத்துப்போகும் கிழக் கதைசொல்லியாக வருபவர் கர்ட் போய்ஸ். அவரைப் பற்றியும் பெர்ன்ஹார்ட் மினெட்டியைப் பற்றியும் 1982இலேயே கான்ஸும், இன்னொரு தேவதூதராக வரும் ஓட்டோ சாண்டரும் சேர்ந்து ஓர் ஆவணப்படம் எடுத்திருந்தார்கள். மூத்த நடிகர்கள் மேல் அவ்வளவு மரியாதை.

* * *

கத்தல் வீடியோ கோஷ்டியில் நானும் உண்டு. ஆனால் நான் நர்ஸ். பார்க்கின்சன் நோயாளிகளோடு வருஷக்கணக்காக வேலை. அதனால் 'டவுன்ஃபால்' முழுப் படத்தையும் பார்த்தபோது என் கண் ஹிட்லராக வரும் அவரின் இடது கையை விட்டு நகரவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார், அங்கே அது துடித்துக்கொண்டிருக்கும். இந்த நடுக்கம் கை சும்மா இருக்கும்போதுதான் அதிகம், எதையாவது பிடித்தால் குறையும். எங்கள் வார்டில் பெரியவர்கள் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டே பேசுவார்கள், அதே தந்திரம். கேலி வீடியோவாகச் சுற்றும் காட்சியிலும் கத்தலுக்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறாரே, அந்தக் கையைப் பாருங்கள்.

இதற்காக ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைக் கவனித்திருக்கிறார். 1942இல் ஃபின்லாந்தில் அந்நாட்டுப் படைத்தலைவர் மான்னர்ஹைமிடம் ஹிட்லர் சாதாரணமாகப் பேசியது அவருக்கே தெரியாமல் பதிவானது, சுமார் 11 நிமிடம். அதையும் கேட்டுக் கேட்டுத்தான் குரலைப் பிடித்தார். நடிக்க வருமுன் புத்தகக் கடையில் இருந்தவர், அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சியும் எடுத்தவர் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

* * *

நர்ஸ் அக்கா சொன்னது புதுசு, இன்றைக்கே திரும்பப் பார்க்கிறேன்.

யாரோ இஃப்லாண்ட் மோதிரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜெர்மன் மேடையின் சிறந்த நடிகர் என்று முன்னவர் யாரை எழுதி வைக்கிறாரோ அவருக்குப் போகும். அதை வைத்திருந்த யோசப் மைன்ராட் 1996இல் இறந்தபோது கான்ஸிடம் வந்தது. இவர் கெர்ட் ஃபோஸுக்கு எழுதி வைத்திருந்தார், அவர் 2014இல் முந்திப் போய்விட்டார். 2019 பெப்ரவரியில் கான்ஸ் போனபோது யென்ஸ் ஹார்ட்ஸருக்குக் கிடைத்தது.

இன்னும் பார்க்காதவர்கள் ஹிட்லரையும் தேவதூதரையும் விட்டுவிட்டு 'பிரெட் அண்ட் டியூலிப்ஸ்' (2000) பாருங்கள். வெனிஸ் உணவகத்தில் பரிமாறுகிற ஐஸ்லாந்துக்காரராக, காவியத்தைப் படித்துக் கற்ற இத்தாலிய மொழியில் கதைப்பார். தாய்மொழியே இத்தாலியனான அம்மாவின் பிள்ளை, வெளிநாட்டுக்காரன் மாதிரிக் கதைக்க எவ்வளவு மினக்கெட்டிருப்பார்! குடும்பத்தோடு பார்க்கலாம், சிரிக்கலாம்.