மன்னிப்புக் கேட்ட பிறகும் மிச்சமிருந்த வேலை

நான் முப்பது வருடமாக மெய்ப்பு பார்க்கிறவன். நண்பன் ஒருவன் காலமான தன் அம்மாவைப் பற்றி ஒரு சிறு நூல் அச்சிட்டான். மெய்ப்பு பார்த்தது நான். உள்ளே ஒற்று, சந்தி எல்லாவற்றையும் சல்லடை போட்டுச் சலித்தவன், முதல் பக்கத்தில் அம்மாவின் பெயரிலேயே ழகரம் ளகரமாகியிருந்ததை விட்டுவிட்டேன். 150 பிரதியும் தயாராகி வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. அவன் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான்.

"மன்னிச்சிருடா" என்றேன். தொண்டை அடைத்தது. அவன் கோபப்படவில்லை. "மன்னிச்சிட்டேன்டா. ஆனா புஸ்தகத்துல அம்மா பேரு தப்பாத்தானே இருக்கு?"

அப்போதுதான் உறைத்தது. மன்னிப்பைக் கேட்பதோடு என் பங்கு முடிந்துவிடுகிறது. கொடுக்கிற பாரம் முழுக்க அவன் தலையில். தமிழில் கழுவாய் என்றொரு சொல் இருக்கிறது. புறநானூறு 34-ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் கொடும் பாவங்களை வரிசையாகச் சொல்லி, அவற்றுக்கும் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவருக்குத்தான் உய்வில்லை என்கிறார். பிராயச்சித்தம் என்று நாம் சொல்வதும் இதைத்தான். ஆனால் கழுவாயில் 'கழுவு' என்ற வினை அப்படியே கிடக்கிறது. கறைபட்ட இடத்தில் குனிந்து தேய்க்க வேண்டியது கறையாக்கியவன்தான்.

பெயரை அதே எழுத்துருவில், அதே தாளில் அச்சிட்டு, ஒவ்வொன்றாக நறுக்கி ஒட்டினேன். பசை கொஞ்சம் கூடினால் தாள் சுருங்கும், குறைந்தால் முனை எழும்பும். மூன்று ராத்திரி ஆனது. கடைசி ராத்திரி அவனும் வந்து உட்கார்ந்து, நான் ஒட்ட ஒட்டத் துணியால் ஒற்றி எடுத்து அடுக்கினான். இன்றைக்கும் அந்தப் பக்கத்தைத் தடவினால் சீட்டின் விளிம்பு விரலில் தட்டும்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

ஐயா, நான் எதிர்ப்பக்கத்தில் நின்றவள். வேலை பார்த்த இடத்தில் நான் செய்யாத தவறை என் பேரில் எழுதிவிட்டார்கள். உண்மை தெரிந்த பிறகு மேலதிகாரியிடமிருந்து ஒரு வரி வந்தது: "தங்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்." அந்த 'இருந்தால்' என்னைத் தூங்கவிடவில்லை. நான் புண்பட்டேனா என்பதையே அது கேள்வியாக்கிவிட்டது. புண்படுத்தியது யார் என்பது வாக்கியத்திலேயே இல்லை. 'வருந்துகிறேன்' என்று யாருக்கோ நேர்ந்த விபத்துக்கும் சொல்லலாமே.

"புண்படுத்தினேன்" என்று எழுதித் தாருங்கள், கோப்பில் உள்ள குறிப்பையும் நீக்குங்கள் என்று பதில் போட்டேன். குறிப்பை நீக்கினார்கள். அந்த ஒரு வினைமுற்று மட்டும் வரவே இல்லை. காரியம் நடந்துவிட்டதே, அது போதாதா என்று பலர் கேட்டார்கள். எனக்குப் போதவில்லை.

* * *

சகோதரி சொல்வது எனக்குப் புரிகிறது. செய்த பாவத்தைக் குருவானவரிடம் அறிக்கையிடுவதைக் கத்தோலிக்கர்களான நாங்கள் முன்பு பாவசங்கீர்த்தனம் என்றோம். இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறோம். பெயர் எதுவானாலும், "நான் இதைச் செய்தேன்" என்று வாய்திறந்து சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் அந்த 'நான்' என்ற சொல்லிடம்தான் எனக்கு நா குழறும். திருக்குறளில் ஒப்புரவு என்றால் உலகத்தாரோடு ஒத்து உதவி வாழ்வது. பிரிந்தவர் மறுபடி ஒத்துப்போவதற்கு அந்தச் சொல்லையே எடுத்தது மிகப் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

* * *

எங்கள் வீட்டில் இவ்வளவு சொற்கள் கிடையாது. நான் நம்பிச் சொன்ன ஒரு விஷயத்தை அண்ணன் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டு, நான் அழுதபோது "சரி விடு" என்றான். விடுவதா வேண்டாமா என்பது நான் சொல்ல வேண்டியது. அதையும் அவனே எடுத்துக்கொண்டான். அதற்கப்புறம் பல வருடம் தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

போன மாதம் ராத்திரி கூப்பிட்டான். எதை எதையோ பேசிவிட்டு, வைக்கிற நேரத்தில் சொன்னான்: "அன்னைக்கு நான் பண்ணது தப்பும்மா. விடுன்னு சொன்னேன் பாரு, அது அதைவிடப் பெரிய தப்பு." நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவனும் கேட்டு அவசரப்படுத்தவில்லை.