மழை விடுமுறையில் மூன்று பிள்ளைகளும் ஒரு கூடமும்: என்ன விளையாடவைக்கலாம்?

கேள்வி: காட்பாடிவாசி

அனைவருக்கும் வணக்கம். காட்பாடியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். பெரியவனுக்கு 11 வயது, நடுப்பெண்ணுக்கு 7, சின்னவனுக்கு 4. இந்த வாரத்தில் மட்டும் மூன்று நாள் மழைக்காகப் பள்ளி விடுமுறை. மூன்று டிபன் பாக்ஸிலும் எலுமிச்சைச் சாதத்தைக் கட்டி மூடிய பிறகுதான் அறிவிப்பு கண்ணில் படுகிறது.

முதல் நாள் கைப்பேசியைக் கொடுத்தேன். மாலைக்குள் அதற்காக அடிதடியே நடந்தது. ஏழு மணிக்கு மின்சாரம் போனது, அரை மணி நேரத்தில் கைப்பேசியிலும் சார்ஜ் தீர்ந்தது. அதன் பிறகு வீட்டில் நடந்ததை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். கடையில் வாங்கிய பலகை விளையாட்டு ஒன்றும் இருக்கிறது. பெரியவனுக்கு அது சலித்துவிட்டது, சின்னவனுக்குப் புரியவில்லை, நடுப்பெண் அதன் காய்களைத் தன் பொம்மைக்குப் பாத்திரமாக்கிக்கொண்டாள்.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் வயதானவர் என்பதால் பிள்ளைகளை ஓடியாட விட முடியாது. கணவர் உள்ளறையில் வேலை பார்க்கிறார், அவருக்கு அடிக்கடி மீட்டிங் இருக்கும். அத்தைக்கு முழங்கால் வலி. உட்கார்ந்த இடத்திலிருந்து உதவ அவருக்கு மிகுந்த விருப்பம். மூன்று பிள்ளைகளும் அத்தையோடு சேர்ந்து, அதிகச் சத்தமில்லாமல், புதிதாக எதையும் வாங்காமல் பொழுதைக் கழிக்க என்ன செய்யலாம்? மே மாதக் கத்திரி வெயிலில் நம் வெயிலூரில் இதே சிக்கல் மறுபடியும் வரும் என்பதால் உங்கள் யோசனைகளைக் குறித்துவைத்துக்கொள்வேன்.

பதில்: ஆரணி ஆயா

அம்மா, உங்கள் அத்தையைக் கேட்டிருந்தாலே பாதி விடை கிடைத்திருக்கும். எனக்கு ஐந்து பேரப்பிள்ளைகள். அவர்கள் விடுமுறைக்கு வந்தால் நான் முதலில் எடுப்பது ஒரு சாக்பீஸும் ஒரு பிடி புளியங்கொட்டையும்தான்.

ஆடுபுலி ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள். கூடத்துத் தரையில் கோபுரம் போல ஒரு பெரிய முக்கோணம் வரையுங்கள். உச்சியிலிருந்து அடிக்கோட்டுக்கு உள்ளே இன்னும் இரண்டு கோடுகள் இழுத்தால், பக்கக் கோடுகளையும் சேர்த்து நான்கு கோடுகள் இறங்கும். அவற்றுக்குக் குறுக்கே, முக்கோணத்துக்கு வெளியேயும் சற்று நீளும்படி மூன்று கோடுகள் போட்டு, வெளியே நீண்ட முனைகளை இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக இணைத்துவிடுங்கள். புள்ளிகளைச் சின்னவனை விட்டு எண்ணச் சொல்லுங்கள்: உச்சியில் 1, மூன்று குறுக்குக் கோடுகளிலும் ஆறாறாக 18, அடியில் 4, ஆக 23 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

புலி மூன்று, ஆடு பதினைந்து. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும்; பதினைந்தும் இறங்கும் வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. புலியோ அப்போதே நடக்கலாம், அடுத்த புள்ளி காலியாக இருந்தால் நேர்கோட்டில் ஆட்டைத் தாண்டி வெட்டலாம். புலிகள் அசைய முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. பெரியவனைத் தனியாகப் புலியாக்குங்கள். நடுப்பெண்ணும் உங்கள் அத்தையும் சேர்ந்து ஆடு ஆடட்டும். சின்னவனை மேய்ப்பன் ஆக்கிவிடுங்கள்: கிண்ணத்திலிருந்து ஓர் ஆட்டை எடுத்துக் கொடுப்பதும், வெட்டுப்பட்டதை வாங்கி இன்னொரு கிண்ணத்தில் போடுவதும் அவன் வேலை. அவன் கொடுக்காமல் ஆடு இறங்காது என்று சொல்லிவைத்தால் எழுந்து போக மாட்டான். அத்தையின் காதில் மட்டும் ஒன்று சொல்லிவையுங்கள், மறந்திருக்கக் கூடும்: முதல் ஆடுகளை முனைகளில் இறக்க வேண்டும், ஏனென்றால் முனையில் நிற்கும் ஆட்டுக்கு அப்பால் புலி குதிக்க இடமில்லை.

இரண்டாம் நாளுக்குத் தாயம். தாயக்கட்டை இல்லாவிட்டால் புளியங்கொட்டையைச் சிமெண்டுத் தரையில் ஒரு பக்கம் மட்டும் உரசச் சொல்லுங்கள். மேல்தோல் போய் வெள்ளை தெரிய நல்ல நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுவதும் வீடு அமைதியாக இருக்கும். உரசிய கொட்டை சுடும், அதை அடுத்தவர் கையில் வைத்து அழவைக்காத பிள்ளையை நான் இன்னும் பார்த்ததில்லை, ஆகவே ஒரு கண் இருக்கட்டும்.

பல்லாங்குழிக்குப் பலகை இல்லையென்றால் தரையில் ஏழேழாக 14 வட்டங்கள் போதும். வட்டத்துக்கு ஐந்தாக 70 கொட்டைகள். காலியாகிப்போன குழியில் மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்ந்து நான்கானால் அதற்குப் ‘பசு’ என்று பெயர், அந்தக் குழிக்குரியவர் எடுத்துக்கொள்ளலாம். ‘பசு’ விழுந்ததும் முதலில் கண்டுபிடித்துச் சொல்வது சின்னவன் பொறுப்பு. நான்கு வரை எண்ணத் தெரிந்தால் போதும்.

பதில்: குடியாத்தம் அறிவியல் ஆசிரியர்

வீட்டுக்குள் அடைத்துவைத்த மழையையே பிள்ளைகளின் வேலையாக மாற்றிவிடலாம். பக்கங்கள் நேராக இருக்கும் ஒரு தண்ணீர் பாட்டிலின் மேற்பகுதியை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனல் போலச் செருகுங்கள். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் சில கூழாங்கற்களைப் போட்டு, அவை மூழ்கும் வரை நீர் ஊற்றி, நீர்மட்டத்துக்கு நேரே பூச்சியம் வருமாறு ஒரு ஸ்கேலை வெளிப்பக்கம் ஒட்டுங்கள். மொட்டைமாடியில் மரமோ சுவரோ மறைக்காத இடத்தில், காற்றில் சாயாதபடி இரண்டு செங்கற்களுக்கு நடுவே வைத்துவிடுங்கள்.

வானிலைத் துறை ஒரு நாள் மழையைக் காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 மணி வரை கணக்கிடுகிறது. நீங்களும் அதே நேரத்தில் அளந்து, நாளிதழில் வேலூர், காட்பாடி, குடியாத்தம், மேலாலத்தூர், பொன்னை என்று ஊர்வாரியாக வரும் அளவோடு பெரியவனை ஒப்பிடச் சொல்லுங்கள். 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதி கனமழை என்ற கணக்கு அவனுக்குத் தெரிந்துவிட்டால், விடுமுறை வருமா என்று உங்களுக்கு முன்பே அவன் சொல்லத் தொடங்கிவிடுவான்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். 600 சதுர அடி மொட்டைமாடி என்றால் ஏறக்குறைய 56 சதுர மீட்டர். 50 மி.மீ. பெய்தால் 2,800 லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் என்று வகுக்கச் சொன்னபோது, எங்கள் வகுப்பில் ஒரு மாணவி விடையை எழுதிவிட்டு, ‘ஐயா, 186 குடம் தண்ணீரும் தெருவுக்கா போயிற்று?’ என்று கேட்டாள்.

இடி இடிக்கும்போது அளவியைப் பார்க்க யாரும் மாடிக்குப் போகக் கூடாது. ஜன்னலுக்குள் இருந்தபடியே மின்னலுக்கும் இடிக்கும் இடையே உள்ள நொடிகளை எண்ணலாம். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி கேட்டால் அது ஆபத்தான தொலைவு. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் கதவைத் திறக்க வேண்டும். ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று சொல்லச் சொல்லும் அத்தைமார்களைத் தடுக்க வேண்டாம். பயந்த பிள்ளைக்கு அதுவும் வேண்டியிருக்கிறது. எண்ணிக்கையை அதன் பிறகு தொடங்கலாம்.

பதில்: சத்துவாச்சாரி அப்பா

மேலே சொன்னவர்களிடம் மரியாதையோடு சிறிது மாறுபடுகிறேன். காலை முதல் இரவு வரை ஒன்றன்பின் ஒன்றாக விளையாட்டு ஏற்பாடு செய்துகொண்டே போனால் ஒரே நாளில் நீங்கள் களைத்துவிடுவீர்கள். அடுத்தது என்ன என்று கேட்பதே பிள்ளைகளுக்குப் பழக்கமாகிவிடும். போன ஆண்டு நான் அப்படித்தான் ஓர் அட்டவணை எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன். பதினொரு மணிக்கெல்லாம் அதில் இருந்த எல்லாம் தீர்ந்துவிட்டன.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். காலையில் அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து அவர்களோடு நானும் ஆடுவேன், பிறகு விலகிவிடுவேன். இரண்டு நாற்காலிகளுக்கு மேல் ஒரு பழைய சேலையைப் போட்டுக் கொடுத்துவிட்டால் அது வீடாகும், கடையாகும், ரயிலாகும். நீங்கள் கட்டிவைத்த எலுமிச்சைச் சாதத்தை வீணாக்காதீர்கள். டிபன் பாக்ஸோடு அந்தச் சேலைக்குள் அனுப்புங்கள். ஜோலார்பேட்டையில் ஏறிக் காட்பாடியில் இறங்குவதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று பெரியவன் அறிவித்தால் மற்ற இருவரும் கெஞ்சாமலே சாப்பிடுவார்கள். காலித் தீப்பெட்டிகள் இருந்தால் அதே ரயிலைச் சிறிதாகவும் செய்யலாம்.

உங்கள் கணவர் உள்ளறையில் வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன்தான். மீட்டிங்குக்கும் மீட்டிங்குக்கும் நடுவே பதினைந்து நிமிடம் எப்படியும் கிடைக்கும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். அவரிடம் இதைக் காட்டுங்கள்.

இன்னொன்று. புளியங்கொட்டை விளையாட்டில் சிறுவர்கள் இருந்தால் எடுக்கும்போதும் வைக்கும்போதும் எண்ணிவிடுங்கள். என் மகன் மூன்றரை வயதில் ஒரு கொட்டையை மூக்கில் போட்டுக்கொண்டான். கொட்டும் மழையில் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். மருத்துவர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டார், எனக்குத்தான் இரவு முழுவதும் தூக்கமில்லை.

பதில்: கூத்துப் பிரியன்

மின்சாரம் போகும் மாலைக்கு ஒன்று சொல்கிறேன். நம் வட ஆற்காட்டுக்காரர்களுக்குத் தெருக்கூத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இருவர் வேட்டியைத் திரையாகப் பிடிக்கட்டும்; திரைக்குப் பின்னால் அட்டைக் கிரீடத்தோடு ஒருவர் மெதுவாக ஆடி வரட்டும். கட்டியங்காரன் வேடம் கட்டாயம் நான்கு வயதுக்காரனுக்கே. ‘வந்திருப்பது யார்? எந்த ஊர்? என்ன வேலையாக வந்தீர்?’ என்று அவன் கேட்கக் கேட்கத் திரைக்குப் பின்னால் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். வெளிச்சத்துக்கு டார்ச் போதும். துணியும் அட்டையும் இருக்கும் இடத்தில் மெழுகுவத்தி வேண்டாம். கீழ்வீட்டுக்காரருக்காகச் சலங்கையை மட்டும் விட்டுவிடுங்கள்.

பதில்: கோட்டைக்கரை

மழை சற்று ஓய்ந்த நாளில், சாலையில் தண்ணீர் நிற்காவிட்டால், வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் தந்தச் சதுரங்கப் பலகை அங்கே இருக்கிறது. 1815-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட அவரை வேலூருக்குக் கொண்டுவந்து கோட்டையில் வைத்தார்கள். 1832-இல் இறக்கும் வரை சிறைவாசம்தான். அவருடைய கல்லறை பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் இருக்கிறது. மூன்று நாள் வெளியே போகாததற்கே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்த என் மகள், அந்தப் பலகையின் முன்னால் நின்று, ‘இவரோடு யார் விளையாடியிருப்பார்கள்?’ என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

காட்பாடிவாசி

அனைவருக்கும் நன்றி. நேற்றும் விடுமுறை. காலையில் கூடத்தில் ஆடுபுலிக் கோடு போட்டோம். முதலில் 22 புள்ளிகளே வந்தன, பெரியவன் ஒரு குறுக்குக் கோட்டை முனை வரை இழுக்காமல் விட்டிருந்தான். அத்தை இரண்டு ஆட்டம் வென்றார். முழங்கால் வலியை மறந்து ஒரு மணி நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தவரை எழுப்ப நாங்கள் இருவர் தேவைப்பட்டோம். அடுத்த முறை கட்டில்மேல் அட்டையில் வரைந்து வைப்பதாக இருக்கிறேன். மழையளவி காற்றில் சாய்ந்துவிட்டது, இன்று மறுபடி வைக்க வேண்டும். கூத்தில் கட்டியங்காரன் ஒரே கேள்வியைப் பதினாறு முறை கேட்டான். கணவர் இரண்டு மீட்டிங்குகளுக்கு நடுவே திரை பிடித்தார்.

ஒரு வழக்கு மட்டும் தீரவில்லை. பெரியவன் ஒரே முறையில் இரண்டு ஆடுகளை அடுத்தடுத்துத் தாண்டி வெட்டிவிட்டு, அப்படிச் செய்யலாம் என்கிறான். கூடாது என்கிறார் அத்தை. நடுப்பெண் இன்னும் அழுகையை நிறுத்தவில்லை. ஆரணி ஆயா தீர்ப்பு சொல்ல வேண்டும்.

ஆரணி ஆயா

உங்கள் அத்தை சொல்வதே எங்கள் வீட்டு வழக்கம்: ஒரு முறைக்கு ஓர் ஆடுதான். இரண்டாவது ஆட்டை மேய்ப்பனிடமிருந்து வாங்கித் திரும்ப வைக்கச் சொல்லுங்கள்.