நிலவியல் பொறியியல் படிப்பு: வழிகாட்டல் தேவை

அனைவருக்கும் வணக்கம். பல்லாவரத்தின் சார்னோக்கைட் பாறைகளைப் பார்த்து வளர்ந்த என் மகள் இப்போது பிளஸ் டூ முடித்திருக்கிறாள். மெட்ரோ பணியிடமொன்றில், நிலத்தைத் துளையிட்டு எடுத்த உருளை வடிவப் பாறை மாதிரிகளைப் பெட்டிகளில் ஆழவாரியாக அடுக்கியிருந்ததைக் கண்ட நாளிலிருந்து நிலவியல் பொறியியல்தான் (கட்டுமானத்துக்காக நிலத்தடிப் பாறையையும் மண்ணையும் ஆராயும் துறை; உறவினர்கள் நினைப்பதுபோல் பூகோளம் அன்று) படிப்பேன் என்கிறாள்.

மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. நிலவியல் சேர்வதா, சிவில் பொறியியல் முடித்து மேற்படிப்பில் பாறை இயக்கவியலுக்கு (பாறைகள் அழுத்தத்தைத் தாங்கும் விதத்தை ஆராயும் துறை) செல்வதா என்பதே குழப்பம். 1851-இல் தொடங்கப்பட்ட இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் நிலவியலாளர் பணிக்கு யு.பி.எஸ்.சி. தேர்வெழுத நிலவியல் சார்ந்த முதுநிலைப் பட்டம் தேவை என்பதால் முதல் வழியே எனக்குச் சரியெனப் படுகிறது. அவளுக்கோ சுரங்கப்பாதை வடிவமைப்பில்தான் நாட்டம்.

இத்துறையில் பணியாற்றுவோர், குறிப்பாகக் களப்பணிக்குச் செல்லும் பெண்கள், தாங்கள் படித்த வழியையும் தொடக்கச் சம்பளத்தையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.