முற்றுகையில் பீரங்கிக் குண்டுக்கு எங்கே பதுங்கினார்கள்?

தேக்காவாசி:
சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் மேட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோட்டையின் வாசலும் கொஞ்சம் சுவரும் நிற்கின்றன. அதே காலத்து முற்றுகைகளில், நாள் முழுக்கக் குண்டு விழும்போது சிப்பாய்கள் எங்கே ஒளிந்தார்கள்? இந்த மாதிரிச் சுவர் தாங்குமா?

மண்வெட்டி:
தாங்காது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 ஏப்ரலில் ஜார்ஜியா மாநிலத்தின் புலாஸ்கி கோட்டையில், தடித்த செங்கல் சுவரைச் சுரிகுழல் பீரங்கிகள் (குழலுக்குள் சுருள் வரி வெட்டியவை) இரண்டாம் நாளே பிளந்துவிட்டன, கோட்டை சரணடைந்தது. கல், செங்கல் என்றால் தெறிக்கும் சில்லே ஆளைக் கொல்லும். மண் குண்டை விழுங்கிக்கொள்ளும். பகலில் விழுந்த பள்ளத்தை ராத்திரியில் அடைத்துவிடலாம். 1854-55இல் கிரிமியாவின் செவஸ்தபோல் நகரை ரஷ்யப் பொறியாளர் தாட்லபென் காத்தது பெரும்பாலும் மண்ணை வைத்துத்தான்.

மோர்ட்டார் என்ற குட்டைப் பீரங்கி உயரே எறிந்து மேலிருந்து விழும் குண்டுக்குக் கூரை வேண்டும். பள்ளம் தோண்டி, ஓரடித் தடிமனுள்ள மரங்களை இடைவெளியில்லாமல் அடுக்கி, மேலே சுள்ளிக்கட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, பல அடி மண் கொட்டுவார்கள். கூரையைவிட வாசலில்தான் கோட்டைவிடுவது அதிகம்: வாசல் எதிரியின் பக்கம் பார்க்கக் கூடாது, முன்னால் ஒரு தடுப்பு மேடும் வேண்டும். மழைநீர் வடிய வழியில்லாவிட்டால் தாங்குமரங்களின் அடி மண் இளகி, குண்டே விழாமல் கூரை சாயும்.

தேக்காவாசி:
நன்றி அண்ணே. முற்றுகை போடுகிறவர்களுக்கு?

சுள்ளிக்கட்டு:
அவர்கள் நேராகத் தோண்டினால் ஒரே குண்டு பள்ளம் நெடுக ஓடிவிடும். அதனால் வளைந்து வளைந்து போவார்கள்; பள்ளத்தின் ஒவ்வொரு துண்டையும் நேர்கோடாக நீட்டிப் பார்த்தால், அந்தக் கோடு கோட்டைக்கு வெளியே விழ வேண்டும். முதல் ஆள் ஒன்றரை அடி ஆழம் தோண்டுவார், பின்னால் வருகிறவர்கள் அரை அரை அடியாக ஆழப்படுத்தி மூன்றடிக்குக் கொண்டுவருவார்கள். எதிரிப் பக்கம் சுமார் மூன்றடி உயர, அடியில்லாத பின்னல் கூடைகளை நிறுத்தி, தோண்டிய மண்ணை அதிலேயே கொட்டுவார்கள். கூடை நிரம்பும்வரை பக்கத்துக் கூடையோடு சேரும் இடுக்கு ஆபத்து. மண்மூட்டையால் அடைக்க வேண்டும்.

மோர்ட்டார்ப்பிரியன்:
பதுங்குவதோடு வேலை முடியாது. 1863 ஜூலை 18, அதே அமெரிக்கப் போரில் தென் கரோலினாவின் வாக்னர் கோட்டை. மணல் கோட்டை. பகல் முழுக்கக் குண்டு பொழிந்தும் நிலவறையில் இருந்தவர்களுக்குப் பெரிய சேதமில்லை. குண்டு நின்றதும் மேலே ஓடிவந்து சுட்டதால்தான் அன்று மாலைத் தாக்குதல் தோற்றது. ஆனால் காவலில் இருந்த ஒரு ரெஜிமென்ட் நிலவறையைவிட்டு வெளியே வரவே மறுத்தது. அது காக்க வேண்டிய மூலை வழியாக எதிரிகள் கொஞ்ச நேரம் உள்ளே புகுந்துவிட்டார்கள். அதனால்தான் ஒரே பெரிய அறையைவிட, காவல் இடத்துக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்ன அறைகள் மேல் என்பேன்.