ஏரியின் நீர்மட்டமும் அடித்தாவரங்களும்: எந்த அளவை நம்புவது?

கரையோரன் கேட்டது:
வணக்கம். பெரிய ஏரி ஒன்றின் நீர்மட்டத்தையும் நீருக்கடியில் வளரும் தாவரங்களையும் கண்காணித்து வருகிறோம். மழையோ மதகுத் திறப்போ இல்லாத நாள்களிலும், கரையில் நட்ட அளவுகோலில் காலைக்கும் மாலைக்கும் ஒரு சாண் வரை வேறுபாடு தெரிகிறது. சென்ற பருவத்தில் 4 மீட்டர் ஆழம் வரை கிடைத்த வாலிஸ்நேரியா என்ற நீரடிச் செடி இப்போது 3 மீட்டரோடு நின்றுவிட்டது. தாவரப் பரப்பு சுருங்கியதாகவே இதைக் கொள்ளலாமா?

மட்டக்கோல்:
காற்று ஒரே திசையில் நெடுநேரம் வீசினால் நீர் ஒரு கரையில் ஏறி மறுகரையில் இறங்கும். காற்று நின்றதும் ஏரி முழுவதும் முன்னும் பின்னுமாக ஆடி அடங்கும். வட அமெரிக்காவின் ஆழம் குறைந்த ஈரி ஏரியில் பலத்த தென்மேற்குக் காற்றின்போது இரு முனைகளுக்கும் இடையே 2 மீட்டருக்கு மேல் வேறுபாடு ஏற்பட்டதுண்டு. எனவே எதிரெதிர்க் கரைகளில் அளவுகோல் வைத்து, நாள் சராசரியை எடுங்கள். மட்டத்தை அளக்க நீருக்கடியில் அழுத்த உணரி வைத்தால் காற்றழுத்தத்தைத் தனியே அளந்து கழிக்க வேண்டியிருக்கும். ஒரு ஹெக்டோபாஸ்கல் மாற்றம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீராகக் காட்டும். சேற்றில் நட்ட கம்பம் மெல்ல அமிழும் என்பதால், அதன் சுழியக் குறியை (0) அசையாத பாறைக் குறியோடு ஆண்டுதோறும் ஒப்பிடுவதும் அவசியம்.

நீரடிச்செடி:
ஆழத்தை அன்றைய நீர்ப்பரப்பிலிருந்து அளக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால், மட்டம் ஒரு மீட்டர் இறங்கிய ஆண்டில், இடம்விட்டு நகராத செடியும் 3 மீட்டரில் இருப்பதாகவே பதிவாகும். அன்றைய மட்டத்திலிருந்து ஆழத்தைக் கழித்து, ஒவ்வொரு புள்ளியையும் தரை உயரமாக எழுதுங்கள். உயரமும் மாறியிருந்தால் ஒளியைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு 1865-இல் தோன்றிய செச்சி வட்டே (நீரின் தெளிவை அறிய கயிற்றில் கட்டி இறக்கும் தட்டு) போதும், அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை ஒவ்வொரு முறையும் குறித்து வாருங்கள்.

பற்கள் உள்ள வாரியை அடியில் இழுத்துச் செடிகளை எடுக்கும் மாதிரியிலும் ஒரு சிக்கல் உண்டு. வேரில்லாத செரட்டோபில்லம் என்ற செடி பற்களில் சுருண்டு கொத்தாக வந்துவிடும். வழுவழுப்பான நாடா போன்ற வாலிஸ்நேரியா இலையோ நழுவிவிடும். வாரியில் வந்த அளவை அடியில் உள்ள அளவாக எண்ணிவிடக் கூடாது.

அலைமானி:
ஒலியை அனுப்பி அதன் எதிரொலியைக் கொண்டு அடியை அறியும் எதிரொலிமானியைப் படகில் கட்டி ஓட்டினால் பரந்த பரப்பை விரைவில் வரையலாம். ஆனால் அது இனத்தைச் சொல்லாது. தரையோடு படர்ந்த காரா என்ற பாசியைத் தவறவிடவும் கூடும். எனவே வாரியைக் கைவிட வேண்டாம். இன்னொன்று: மட்டம் உயர்வதும் செடிகளுக்குக் கேடுதான். அடிக்கு ஒளி குறைந்து செடிகள் அழிந்தால், பிடிப்பற்ற சேறு அலையில் கலங்கி, நீர் மேலும் இருளும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள ஒகிசோபி ஏரியில் 2000-01-இல் மட்டம் இறங்கிய பிறகே அடித்தாவரங்கள் மீண்டன.

கரையோரன்:
நன்றி. பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டேன்: மட்டம் 60 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. மீதி 40 சென்டிமீட்டருக்குக் காரணம் ஒளிதானா என்பதை அறிய, செச்சி அளவை இந்த வாரமே தொடங்குகிறோம்.